விண்வெளியில் ஒரு வழிநூல்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, சங்கச் செய்யுட்களின் நயத்தையோ கந்தபுராண கலாசாரத்தின் மாண்பையோ குறித்து யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவை பற்றி எழுதுதற்கு எம்மினும் வல்லார் இக்கல்லூரியில் முன்னும் இருந்தனர்; இன்றும் உளர். யாம் ஈண்டு எழுதப் புகுவது ஓர் ஆங்கில நாவலைப் பற்றி. அதுவும் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்தில் இடம்பெறும் நாவலன்று. தொலைக்காட்சித் தொடர் ஒன்றினை ஒட்டி எழுந்த, மெல்லிய அட்டையிட்ட, விண்கப்பல்களும் வேற்றுக் கோளினரும் நிறைந்த விஞ்ஞானக் கதைநூல். அன்பர்கள் முகஞ் சுளியாது சற்றே பொறுத்தருள்க.

நூலின் பெயர் ‘த ஃபைனல் றிஃப்ளெக்சன்’. ‘இறுதிப் பிரதிபலிப்பு’ எனத் தமிழில் வழங்கலாம். அப்பெயருக்கு நூலினுள் ஒரு தனிப்பொருள் உண்டு, அதனைப் பின்னர்க் கூறுவாம். இயற்றியவர் ஜோன் எம். ஃபோர்ட் என்னும் அமெரிக்கர். 1957இல் பிறந்து 2006இல் மறைந்தவர். 1984ஆம் ஆண்டு இந்நூல் வெளிவந்தபோது அவருக்கு அகவை 27. அதே ஆண்டில் அவருடைய ‘த டிராகன் வெயிற்றிங்’ என்னும் வேறொரு நாவல் உலக மிகைக்கற்பனை இலக்கிய விருதினைப் பெற்றது. அத்தகைய ஒருவர், கூலிக்கு எழுதுவோர் மட்டுமே எழுதுவர் எனப் பலராலும் கருதப்படும் ஒரு வரிசையில், 16ஆம் இலக்கமிட்ட நூலாக இதனை எழுதிக் கொடுத்தார்.

அவ்வரிசை ‘ஸ்ரார் ட்ரெக்’ என்னும் தொடரைச் சார்ந்தது. 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 79 பகுதிகளாக ஒளிபரப்பாகிப் பின்னர் உலகெங்கும் பரவியது அத்தொடர். பூமியும் பிற கோள்களும் கூடி அமைத்த ஒரு கூட்டரசு, அதன் கப்பலாகிய ‘என்ரபிறைஸ்’, அதன் தலைவர் கேர்க், அவருக்குத் துணையாக, பாதி மனிதரும் பாதி வேற்றுக் கோளினருமாகிய ஸ்பொக், வைத்தியர் மக்கோய். இவர்களைத் தெரியாத இளைஞர் மேலைநாடுகளில் அரியர். இவர்களுக்குப் பகைவராக 1967இல் தொடரினுட் புகுந்தவர்களே கிளிங்கர் என்னும் இனத்தார். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பனிப்போரில் நின்ற காலம் அது. ஆதலின் கிளிங்கரை எவரைப் போலப் படைத்தனர் என்பதைப் பார்ப்போர் எளிதில் உணர்ந்துகொண்டனர். கொடியர், வஞ்சகர், அடக்கியாளும் இயல்பினர் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றித் தொடர் கூறியது மிகச் சிறிதே.

இத்தகைய நூல்களை எம் ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் ‘ஒட்டுச் சரக்கு’ என்பர். பிறர் படைத்த மாந்தர், பிறர் வகுத்த உலகம், பிறர் இட்ட வேலி. அதற்குள் நின்று எழுதுவோனுக்குச் சொந்தம் யாது என்பது அவர் வினா. வினா நன்றே. ஆயின் தமிழாசிரியர் ஒருவர் இவ்வினாவைக் கேட்டு மருளவேண்டியதில்லை. நூல் மூவகைப்படும் எனவும், அவை முதல், வழி, சார்பு எனவும் நன்னூலார் வகுத்ததை யாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகின்றோம். முன்னோர் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளையும் கூறி, மரபு அழியாமல் நடப்பது வழிநூல். தொல்காப்பியரோ அதனையும் நால்வகையாக்கி, தொகுத்தல், விரித்தல், அவ்விரண்டும் கலத்தல், மொழிபெயர்த்தல் என்பர். இவ்விலக்கணத்தைக் கையிற் கொண்டு நோக்கின், நம் பெருங்காப்பியங்களிற் பலவும் ஒட்டுச் சரக்கேயாம். கம்பருக்கு வான்மீகர் வகுத்த வேலி. கச்சியப்பருக்குச் சங்கர சங்கிதை இட்ட வேலி. இராமன் வெல்வான் என்பதும் சூரன் வீழ்வான் என்பதும் பாடத் தொடங்குமுன்னரே கேட்போர் அனைவருக்கும் தெரியும். தெரிந்த கதையில், தெரிந்த மாந்தரைக்கொண்டு, தெரியாத ஒன்றைக் காட்டுவதே அவர்கள் மேற்கொண்ட தொழில்.

நிற்க. இந்நூல் எம் கைக்கு வந்த வழியையும் ஒரு சொல்லிற் கூறவேண்டும். கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் நூல்நிலையத்துக்கு அனுப்பிய பெட்டியில், பௌதிகவியல் நூல்களுக்கும் கணித நூல்களுக்கும் நடுவே இது கிடந்தது. வகைப்படுத்தும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தமையால், எந்த அடுக்கிற் சேர்ப்பது என அறியும் பொருட்டு முதற்பக்கத்தைப் புரட்டினோம். அந்த ஆவணி விடுமுறை முழுவதும் அதனோடே கழிந்தது. யாம் ஆங்கிலம் கற்றது பயிற்சிக் கலாசாலை அளவே ஆதலின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். அகராதியோ பத்தாம் பக்கத்திலேயே எம்மைக் கைவிட்டது. அதன் குற்றமன்று, நூலிலுள்ள அருஞ்சொற்கள் ஆங்கிலமே அல்ல.

கதை தொடங்குமுன் ஒரு வாயில் உண்டு. என்ரபிறைஸ் கப்பலில் ஒரு நாவல் கைக்குக் கை மாறி உலவுகின்றது. 40 ஆண்டுகளுக்கு முன் கூட்டரசுக்கும் கிளிங்கருக்கும் இடையே நிகழ்ந்தனவற்றைக் கூறும் நாவல் அது. உண்மை என்பாரும் பொய் என்பாரும் உளர். கேர்க் அதனை எடுத்துப் படிக்கின்றார். அவர் படிக்கும் அந்நாவலே நாம் படிக்கும் நூல். இறுதியில் மீண்டும் கப்பலுக்கு வருகின்றோம். அட்டையைப் பார்த்துக் கேர்க்கின் வீரச் செயல்களை நாடி வாங்கியவருக்கு, அவர் வாயிற்காவலராக மட்டும் நிற்பது எத்துணை வியப்பாயிருந்திருக்கும்! ஒட்டுநூல் எழுத ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒட்டப்பட்ட தலைவர்களை வெளித்திண்ணையில் இருத்திவிட்டுப் பகைவர் வீட்டுக்குள் வாசகரை அழைத்துச் செல்லும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

வீட்டுக்குள் முதலில் நாம் காண்பது ஒரு சிறுவன். விரென் என்பது அவன் பெயர். குலப்பெயர் இல்லாத அநாதைச் சிறுவர்களை வளர்க்கும் ஓர் இல்லத்தில் அவன் வளர்கின்றான். கிளிங்கர் நாட்டில் ‘கிளின் சா’ என்று ஓர் ஆட்டம். எமது சதுரங்கம் போன்றது, ஆயினும் பலகை முக்கோண வடிவினது. அதன் ஒரு வகையில் காய்களுக்குப் பதிலாக உயிருள்ளோர் கட்டங்களில் நிற்பர். ஒரு காய் மற்றொன்றை வெட்டுவது என்பது அங்கே உண்மையாகவே பொருது வீழ்த்துவது. இல்லத்துச் சிறுவர்கள் அவ்வாட்டத்துக்குக் காய்களாக இறக்கப்படுகின்றனர். நூலின் முதற்காட்சி இதுவே. யார் இவர்கள், எதற்காகப் பொருகின்றனர், மேலிருந்து ஏவுபவர் யாவர் என ஆசிரியர் ஒன்றையும் விளக்குவதில்லை. பலகையின் மேல் நிற்கும் சிறுவனுக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரிகின்றது. அவன் காட்டிய திறங்கண்டு, கேதாஸ் என்னும் பெருந்தளபதி அவனைத் தம் மகனாக ஏற்றுக்கொள்கின்றார். விரெனுக்கு ஒரு குலம் கிடைக்கின்றது. கெமாரா என்னும் பெயர் கிடைக்கின்றது. ஆட்டத்தைக் காயாக நின்றன்றி, ஆடுபவனாக இருந்து கற்கும் பேறும் கிடைக்கின்றது.

பெயர்களைப் பற்றி இங்கே சிறிது நிற்கவேண்டும். எமக்கு இந்நூலில் மிக்க இன்பம் தந்தவற்றுள் அதுவும் ஒன்று. கிளிங்கர் பெயருக்கும் குலப்பெயருக்கும் இடையே அவரவர் தகுதியைக் காட்டும் ஓர் அடை வரும். கேதாஸ் எபெட்டாய்-கெமாரா என்பது பெருந்தளபதியின் முழுப்பெயர். எபெட்டாய் என்றால் இன்னது எனப் பொருளுரைக்கும் அடிக்குறிப்பு எதுவும் இல்லை. எவர் எவரை எந்த அடையுடன் அழைக்கின்றனர், எந்த வேளையில் அதனை விட்டு அழைக்கின்றனர் என்பதைக் கவனித்துக் கவனித்தே வாசகர் அதன் பொருளை உணரவேண்டும். நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகளுள் எதனை எவரிடம் வழங்குவது என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே எவரும் சொல்லித்தராமற் கற்றுக்கொண்ட யாழ்ப்பாணத்தவருக்கு இது கடினமன்று. ‘நீர்’ என்று அழைத்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென ‘நீங்கள்’ என்றால் நட்பு முறிந்தது என்பதை நாம் அறிவோம் அன்றோ! அத்தகைய முறிவுகள் இந்நூலிற் பல. அவற்றை ஆசிரியர் ஓர் அடையை மாற்றியே காட்டிவிடுகின்றார்.

சொற்களும் அவ்வாறே. ‘கொமெறெக்ஸ்’ என்பது வளரும் அமைப்பு. ‘கெஸ்ரெறெக்ஸ்’ என்பது அழியும் அமைப்பு. கிளிங்கர் தம் பேரரசையே முதற்சொல்லாற் குறிக்கின்றனர். வளராதது அழியும், இடைநிலை என்று ஒன்று இல்லை என்பது அவர்தம் கொள்கை. பகைவர் ஏன் நாடு கவருகின்றனர் என்பதற்குத் தொடரில் ‘அவர்கள் கொடியர்’ என்பதே விடையாயிருந்தது. ஃபோர்ட் அதற்கு இரண்டு சொற்களில் ஓர் உலகநோக்கைக் கொடுத்தார். அந்நோக்கு எமக்கு உடன்பாடன்று. ஆயினும் அஃது அறிவற்ற கொடுமையன்று என்பதையும், அதற்குள் நின்று வாழ்வோர்க்கு அன்பும் கடமையும் துயரும் உண்டு என்பதையும் மறுக்கவியலாதபடி செய்துவிடுகின்றார்.

கந்தபுராணப் படனம் கேட்டு வளர்ந்த பழைய மாணவர்களுக்கு இஃது எங்கோ கேட்ட குரலாகத் தோன்றும். தேவரைச் சிறைவிடுக எனத் தமையனுக்கு அறிவுரை கூறி, அவன் கொள்ளாமை கண்டும் அவனைப் பிரியாது போர்க்களம் புகுந்து மடியும் சிங்கமுகனை நினைந்துகொள்க. கோயில் மண்டபத்தில் ஒருவர் பாட ஒருவர் பயன் சொல்ல அப்பகுதி நடைபெறும்போது, வந்திருந்த முதியோர் முருகன் அடியவராயிருந்தும் சிங்கமுகனுக்காக உச்சுக்கொட்டியதை யாம் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம். 10,000க்கு மேற்பட்ட செய்யுட்களில் கச்சியப்பர் அசுரரின் அவையையும் அந்தப்புரத்தையும் அவ்வளவு விரித்தது வீணாக அன்று. ஃபோர்ட் கந்தபுராணத்தைக் கேட்டவரல்லர். ஆயினும் வழிநூல் ஆசிரியனுக்குத் திறந்திருக்கும் பெருவாயில் எது என்பதை இருவரும் கண்டனர். முதனூல் விரைந்து கடந்துபோன பகைவன் மனையே அவ்வாயில்.

கதைக்கு மீள்வாம். விரென் வளர்ந்து கடற்படை போன்ற விண்படையிற் சேர்ந்து பயிற்சி பெறுகின்றான். அவன் தொலைவில் இருக்கும்போது, அரசியற் சூழ்ச்சியால் கெமாரா குலம் முழுவதும் அழிக்கப்படுகின்றது. தந்தையாக ஏற்ற கேதாஸும் இல்லை, மனையும் இல்லை. அக்குலப்பெயரைத் தாங்குவதே இனி உயிருக்கு இடர். எனவே பெயரைத் துறந்து, கிரென் என வேறு பெயரும் வேறு குலப்பெயரும் சூடிக்கொள்கின்றான். இச்செய்தியை அவன் அறியும் இடத்தில் ஆசிரியர் அழுகையும் அரற்றலும் வைக்கவில்லை. சில வரிகளே, அவன் தன் பணிக்குத் திரும்புகின்றான். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் பெயர்ந்தபோது யாம் பாடசாலை மாணவர். வீட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்த எம் பாட்டியார், அதன்பின் அவ்வீட்டைப் பற்றி ஒருநாளும் பேசினாரல்லர். ஆதலினாற் போலும், கிரெனின் மௌனம் கற்பனை என எமக்குத் தோன்றவேயில்லை. அப்பக்கத்தில் நூலை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் கழித்தே தொடர்ந்தோம்.

கிரென் கப்பற்றலைவனாகின்றான். அவனுக்கு இடப்படும் பணி, பூமிக்குச் சென்று அங்கிருந்து கிளிங்கர் நாட்டுக்கு அனுப்பப்படும் தூதரை ஏற்றிவருவது. அத்தூதரின் பெயர் இம்மானுவேல் தாகூர். 1934இல் இலங்கைக்கு வந்த கவியரசரின் பெயரை விண்வெளிக் கதையிற் காணும்போது எம்மவர்க்கு ஒரு புன்முறுவல் எழாமற் போகாது. இவர் கவிஞரல்லர்; எந்நிலையிலும் படைக்கலம் எடேன் என்னும் உறுதியுடைய ஓர் அறிஞர். போரையே வாழ்வாகக் கொண்ட இனத்தாரிடம் அவரைத் தூதராக அனுப்புகின்றனர் என்பதே நூலின் இனிய முரண். கிளிங்கர் முதலில் அவரைக் கோழை என எண்ணுகின்றனர். பின்னர் அவரது அசையாமையை எந்தச் சொல்லாற் குறிப்பது என்று அறியாது திகைக்கின்றனர். கிரெனுக்கும் அவருக்கும் இடையே மெல்ல மெல்ல வளரும் நட்பு, ஒருவர் கொள்கையை மற்றவர் ஏற்காத நட்பு. எம் வகுப்பில் ‘நட்பு’ என்னும் அதிகாரத்தைக் கற்பிக்கும்போது இவ்விருவரும் எம் நினைவுக்கு வராத நாளில்லை; மாணவர்க்கு மட்டும் சொல்வதில்லை, பரீட்சைக்குப் பயன்படாது.

இவர்களன்றி மாந்தர் பலர். கப்பற்பணியாளர், உளவுத்துறையினர், தளபதியின் மனையிலிருந்த பச்சை நிறத்து மாது, பூமியின் அதிகாரிகள், கூட்டரசையே கலைத்துவிடவேண்டும் என வாதாடும் கட்சியினர். ஓரிடத்தில் சிறுவனாகிய ஸ்பொக் வந்து போகின்றார். கிரெனுக்கு அவர் யாராக வளரப்போகின்றார் என்பது தெரியாது, நமக்குத் தெரியும். எவரும் கதையின் நடுவிடத்தை நெடுநேரம் பற்றிக்கொள்வதில்லை. ஒருவர் பேசிய அரைவாக்கியத்தின் பொருள் எண்பது பக்கம் தாண்டி மற்றொருவர் செயலிற் புலனாகும். முதல் வாசிப்பில் யாம் ஒரு தாளில் பெயர்களை எழுதி, யார் எவர் பக்கம் எனக் கோடிட்டு வைத்தோம். இரண்டாம் வாசிப்பில் அக்கோடுகளிற் பாதியை அழிக்க நேர்ந்தது. கிளிங்கர் பக்கத்திலும் போர் வேண்டுவோர் உளர், பூமியின் பக்கத்திலும் உளர். அவ்விரு சாராரும் ஒருவரையொருவர் கண்டறியாமலே ஒருவர் வேலையை மற்றவர் செய்துகொடுக்கின்றனர்.

இங்கேதான் நூற்பெயரின் பொருள் விளங்குகின்றது. கிளின் சா ஆட்டத்தில் ‘பிரதிபலிப்பாட்டம்’ என ஒரு வகையுண்டு. அதில் ஆடுவோர் இருவர், காய்த்தொகுதியோ ஒன்றே. என் காய், உன் காய் என்ற பிரிவு இல்லை. இப்போது நான் நகர்த்திய காயையே அடுத்து நீ நகர்த்தலாம். நான் எனக்கு அரணாக வைத்தது உனக்குப் படைக்கலமாகும். எதிரி நகர்த்த வழியின்றி நிற்கும்படி பலகையை அமைப்பவனே வென்றவன். பகைவரது காய்களை எண்ணி எண்ணிப் பழகியவனுக்கு இவ்வாட்டம் வராது. பலகை முழுவதும் தன்னுடையதும் மற்றவனுடையதுமாக இருப்பதை ஒருங்கே காணவேண்டும். பூமியில் கிரென் மேற்கொள்ளும் செயல்கள் அனைத்தும் இவ்வாட்டமே. போர் மூளாமற் காப்பதற்கு, இரு பக்கத்துப் போர்வெறியரையும் தன் காய்களாகக் கொண்டு ஆடுகின்றான். அவன் அமைதிவாதியானான் எனக் கதை கூறவில்லை. கிளிங்கனாக இருந்துகொண்டே அதைச் செய்கின்றான். தாகூரின் வழியும் அவன் வழியும் ஒரு புள்ளியிற் சந்தித்து மீண்டும் பிரிகின்றன.

குறை இல்லையோ எனின், உண்டு. பூமியில் நிகழும் பிற்பகுதி முற்பகுதியின் செறிவுக்கு ஈடாகாது. சூழ்ச்சியின் முடிச்சுகள் அவிழும் வேகத்தில் எவர் எதனை ஏன் செய்தார் என்பது சிலவிடத்து மூன்றாம் வாசிப்பிலும் எமக்குத் தெளியவில்லை. சொல்லாமல் விடுதலை ஓர் அழகாகக் கொண்டவர் ஃபோர்ட். அவ்வழகு சில பக்கங்களில் வாசகர்க்குத் தண்டனையாகின்றது. உரையாசிரியர் ஒருவர் இருந்தால் நன்று என்று எண்ணினோம். நச்சினார்க்கினியரைப் போன்ற ஒருவரைச் சொல்கின்றோம்; அவரும் மாட்டு என்னும் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு சொற்களை அங்குமிங்கும் கொண்டுகூட்டியே பொருள் உரைத்திருப்பார்.

இந்நூலுக்குப் பின்னர் நேர்ந்தது வேறொரு கதை. அக்காலத்தில் கிளிங்கர் பற்றி வேறெவரும் இத்துணை விரிவாக எழுதியிருக்கவில்லை. ஒரு விளையாட்டுத் தொகுதிக்காகவும் ஃபோர்ட் அவர்களைப் பற்றிய குறிப்புகளை 1983இல் எழுதியளித்திருந்தார். வாசகர் பலர் இதுவே கிளிங்கர் எனக் கொண்டனர். ஆயின் இந்நூல் வெளிவந்த 1984ஆம் ஆண்டிலேயே வெளியான திரைப்படத்துக்கென மார்க் ஒக்ராண்ட் என்னும் மொழியியலாளர் வேறொரு கிளிங்கன் மொழியை ஆக்கினார். அதன் அகராதி 1985இல் வெளிவந்தது. 1987இல் தொடங்கிய புதிய தொலைக்காட்சித் தொடர், கிளிங்கரை மானமே பெரிதென வாளேந்தும் மறவராக வகுத்துக்கொண்டது. பலகைமுன் அமர்ந்து சிந்திக்கும் கேதாஸுக்கு அங்கே இடமில்லை. திரையில் வந்ததே மெய், நூலில் வந்தது கணக்கில் இல்லை என்பது உரிமையாளர் விதி. ஃபோர்ட் ஆக்கிய மொழியும் முறையும் பெயரடைகளும் அவ்வாறே ஒதுக்கப்பட்டன. எழுதியவர் அதற்கு வழக்காடவும் இயலாது. இத்தகைய நூலின் உரிமை எழுதினவருடையதன்று.

உயர்தர விஞ்ஞான வகுப்பு மாணவர் ஒருவர் எம் மேசைமேல் இந்நூலைக் கண்டு, “சேர், இது கணக்கில இல்லாத கதையெல்லோ?” என்று கேட்டார். புதிய தொடர்கள் அனைத்தையும் பார்த்தவர் அவர். கணக்கில் இல்லை என்றால் என்ன பொருள் என்று வினவினோம். “நடக்கேல்லை எண்டு அர்த்தம், சேர்” என்றார். மற்றவை மட்டும் நடந்தனவோ என்று கேட்டபோது சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு சிரித்துவிட்டார். அவ்வினா எளியதன்று என்பதைத் தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தோர் அறிவர். கம்பர் பாடியது இது, இடையில் எவரோ செருகியது இது எனப் பிரித்து, செருகியவற்றை வெள்ளி பாடல் என ஒதுக்கிவைத்தனர். ஒதுக்கியவற்றுள்ளும் நெஞ்சைவிட்டு அகலாத பாடல்கள் கிடக்கின்றன. மெய்ப்பாடத்தை நிறுவுதல் அறிஞர்க்குக் கடன், அதனை யாம் குறைகூறோம். எனினும் ஒரு பாடல் மெய்யோ என்பதும் நன்றோ என்பதும் இரு வேறு வினாக்கள். கம்பரைப் பொறுத்தவரை முதல் வினாவுக்கு ஏடுகள் விடை தரும். இங்கே அதற்கு விடை தருவது ஒரு வணிக நிறுவனம். இரண்டாம் வினாவுக்கு விடைதரும் உரிமையை அதனிடம் எவரும் ஒப்படைக்கவில்லை.

ஃபோர்ட் 2006இல் இறந்தபின் அவர் எழுதியவற்றிற் பெரும்பாலன நெடுங்காலம் அச்சில் இல்லாதிருந்தன. 2020இல் ‘த டிராகன் வெயிற்றிங்’ மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. ‘இறுதிப் பிரதிபலிப்பு’ அதற்கு முன்னரே, 2004இல், வேறொரு கிளிங்கன் நாவலோடு ஒருங்கு கட்டப்பட்டு வெளிவந்தது. கணக்கில் இல்லாத நூலை உரிமையாளரே மறுபடியும் அச்சிட்டு விற்றனர் என்பதை அம்மாணவருக்குக் கூறினோம். அவர் நூலை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அவர் நூலோடு ஓர் அட்டைப் பலகையையும் கொண்டுவந்தார். முக்கோணங்களாகக் கோடிட்டு, வகுப்பு நண்பர் இருவருடன் சேர்ந்து ஆக்கியிருந்தார். ஆட்டத்தின் விதிகள் முழுவதையும் ஃபோர்ட் நாவலிற் கூறவில்லை. மேலைநாட்டு வாசகர் சிலர் பின்னாளில் தாமே விதிகள் வகுத்து ஆடினர் என்பது எமக்குத் தெரியும். இவர்களோ அவற்றைத் தேடிப் பாராமல் தம் விதிகளைத் தாமே வகுத்திருந்தனர். காய்களுக்குச் சோடாப் போத்தல் மூடிகள். ஒரே ஒரு தொகுதி. இடைவேளையில் எம்மையும் ஓர் ஆட்டத்துக்கு அழைத்தனர். யாம் அரும்பாடுபட்டு மூலையில் அரணாக நிறுத்தியிருந்த மூடியை, எதிரே இருந்தவர் இரண்டு விரலால் எடுத்து எம் வழியை அடைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். மணி அடித்தது; பலகையைக் குலைக்காமல் அலுமாரியின் மேல் எடுத்து வைத்திருக்கின்றனர், அடுத்து நகர்த்தவேண்டியவர் யாம்.